உங்கள் அடுக்குமாடி புளோக் யாருடைய பொறுப்பு?

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து குடியேறியவர்கள் என்னிடம் கேட்பதுண்டு: "இந்த ஊரில் கவுன்சிலர் தேர்தல் எப்போது நடக்கும்?" ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று வார்டு வார்டாக வாக்களித்துப் பழகியவர்களுக்கு இது இயல்பான கேள்விதான். அப்படியொரு தேர்தல் இங்கு இப்போது இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது.

1951 செப்டம்பர் 22 அன்று சிங்கப்பூர் மாநகரத் தகுதி பெற்றது. 1957 டிசம்பரில் மாநகர மன்றத்தின் 32 இடங்களுக்கும் தேர்தல் நடந்தது. அவற்றில் 13 இடங்களை வென்ற மக்கள் செயல் கட்சியைச் சேர்ந்த ஓங் எங் குவான் மேயரானார். குடிநீர், மின்சாரம், எரிவாயு எல்லாம் அந்த மன்றத்தின் கையில் இருந்தன. நகருக்கு வெளியே இருந்த கம்பங்கள் எனும் கிராமங்களைத் தனியொரு கிராமப்புற வாரியம் கவனித்தது. 1959இல் தன்னாட்சி வந்ததும் புதிய அரசாங்கம் மாநகர மன்றத்தின் பணிகளைத் தானே ஏற்றுக்கொண்டது. வீடுகளுக்கென 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும், குடிநீர், மின்சாரம், எரிவாயுவுக்கென 1963இல் பொதுப் பயனீட்டுக் கழகமும் உருவாயின.

ஒற்றையாட்சி நாட்டில், அதாவது இறுதி அதிகாரம் தேசிய அரசிடமே இருக்கும் நாட்டில், இது சட்டப்படி செல்லும். உள்ளூர் மன்றத்துக்கு அதிகாரம் தருவது நாடாளுமன்றம். விரிப்பதும் சுருக்குவதும் அதன் உரிமை. ஒற்றையாட்சி என்றால் உள்ளாட்சியே இருக்காது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். பிரான்சும் ஒற்றையாட்சி நாடுதான். அங்கே கம்யூன் எனும் உள்ளாட்சி அமைப்புகள் ஏறத்தாழ 35,000 உள்ளன, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர். ஜப்பானின் 47 மாகாணங்களிலும் ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

சிங்கப்பூர் தேர்ந்த வழி வேறு. 1986இல் அங் மோ கியோவில் சோதனை முறையில் தொடங்கி, 1988இல் தனிச் சட்டத்தோடு, குடியிருப்புப் பேட்டைகளின் பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றங்கள் அமைந்தன. நாம் தேர்ந்தெடுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களே அவற்றை நடத்துகிறார்கள். நாட்டின் சட்டத்தை விவாதிப்பவரே நம் மின்தூக்கிக்கும் பதில் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டை நான் மனமார மதிக்கிறேன். பொறுப்பைத் தட்டிக்கழிக்க இதில் இடம் குறைவு. ஆனால் ஒரு கவலையும் உண்டு. தேர்தல் எல்லை மாறினால் நகர மன்றத்தின் எல்லையும் மாறலாம். அதே வீடு, அதே அண்டைவீட்டார், கட்டண ரசீதில் மட்டும் வேறொரு பெயர். ஊர் என்ற உணர்வு வேரூன்றக் காலம் வேண்டாமா?

இவை தவிர, வட்டார அளவில் உதவித் திட்டங்களை நடத்தும் சமூக மேம்பாட்டு மன்றங்கள் (சிடிசி) ஐந்து உள்ளன. அவற்றின் மேயர்கள் நியமிக்கப்படுபவர்கள். அந்தப் பதவிக்கெனத் தேர்தல் இல்லை. நாம் அங்காடிக் கடைகளில் பயன்படுத்தும் சிடிசி பற்றுச்சீட்டுகளுக்கான பணமும் தேசிய வரவுசெலவுத் திட்டத்திலிருந்துதான் வருகிறது.

பல அமைப்புகள் ஒரே இடத்தில் சந்திக்கும்போது என்ன நேரும் என்பதற்கு அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் 2014 தேசிய தினப் பேரணி உரையில் ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார். புக்கிட் கொம்பாக்கில் ஒரு நடைபாதையில் மீன் உருண்டை எனும் தின்பண்டத்தின் குச்சிகள் கிடந்தன. சரிவான புல்வெளி நில ஆணையத்துக்கு, நடுவில் உள்ள பூங்கா இணைப்பு தேசியப் பூங்காக் கழகத்துக்கு, சாலையோர நடைபாதை நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு. சில அடி அகலத்தில் மூன்று பொறுப்பாளர்கள்! அந்த ஆண்டே நகராட்சிச் சேவை அலுவலகம் தொடங்கப்பட்டது. இப்போது அதன் ஒன்சர்விஸ் செயலியில் புகார் செய்தால், உரிய அமைப்பைத் தேடும் வேலை நம்முடையதல்ல.

புகார் செய்வதோடு நாம் நின்றுவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம். மாதந்தோறும் நாம் செலுத்தும் சேவை, பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு பங்கு, சாயம் பூசுதல், மின்தூக்கி மாற்றுதல் போன்ற நெடுங்காலச் செலவுகளுக்காகச் சட்டப்படி ஒதுக்கப்படுகிறது. தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள் நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகின்றன. நகர மன்றங்களின் துப்புரவு, பராமரிப்பு, மின்தூக்கிச் செயல்பாடு பற்றித் தேசிய வளர்ச்சி அமைச்சு அறிக்கை வெளியிடுகிறது. உங்கள் நகர மன்றத்தின் அறிக்கையை ஒரு முறை வாசியுங்கள். புரியாத வரியைக் குறித்துக்கொண்டு, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் மாலையில் நேரில் கேளுங்கள். தமிழில் கேட்கத் தயங்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.