டிஸ்கோவின் வாசலில் நிற்பவர் யார்?

அவையோருக்கு வணக்கம்.

டிஸ்கோ திரும்பி வந்துவிட்டது என்று சில வருஷமாகப் பேச்சு. போனைத் திறந்தால் ஜிகினா உடையும் கண்ணாடி உருண்டையுமாகப் பார்ட்டிப் படங்கள் வந்து விழுகின்றன. அமைப்பாளர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பும் ‘டிஸ்கோவின் மறுபிறப்பு’. செத்தால்தானே மறுபிறப்பு என்று கேட்டேன். “அதையே பேசிவிடுங்கள்” என்றார்கள். பேசுகிறேன். பாட்டைவிட வாசலைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். யாரை உள்ளே விட்டார்கள், யாரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று பார்த்தாலே இந்தக் கதையில் பாதி விளங்கிவிடும்.

1970 பிப்ரவரி 14. நியூயார்க் நகரம், பிராட்வே தெரு, 647ஆம் எண். டேவிட் மான்குசோ என்பவர் தான் குடியிருந்த இடத்திலேயே ஒரு நடன விருந்து வைத்தார். வாடகைக்கும் அது கைகொடுத்தது. பின்னால் அந்த இடத்துக்கு லாஃப்ட் என்ற பெயர் நிலைத்தது. மது விற்பனை கிடையாது. பழம், ஜூஸ் உண்டு. மேலே பலூன்கள். கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், வெள்ளையர்கள், தன்பாலீர்ப்பாளர்கள் எல்லோரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். ஆணும் ஆணும் ஜோடி சேர்ந்து ஆடினால் போலீஸ் வந்து நிற்கும் காலம் அது. அழைப்பு இருந்தால்தான் அனுமதி என்று மான்குசோ வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வாசல், உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றுவதற்கான வாசல்.

இசைக்கு வருவோம். ஃபிலடெல்ஃபியாவில் ஏர்ல் யங் என்று ஒரு டிரம்மர். 1973 வாக்கில் அவர் வாசித்த ஒரு தாளத்தில் பெரிய டிரம் நாலு அடிக்கும் சமமாக விழும். ஒவ்வோர் அடிக்கும் நடுவில் ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டுச் சிம்பல் லேசாகத் திறந்து ‘ச்ச்’ என்று மூடும். தும்-ச்ச், தும்-ச்ச். ஆடத் தெரியாதவன்கூடக் காலை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை. டிஸ்கோவின் எலும்புக்கூடு அவ்வளவுதான்.

மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்தால் ஆடுபவனுக்கு ஆத்திரம் வராதா? டாம் மோல்டன் என்ற ரீமிக்ஸ்காரர் பாட்டுகளை வெட்டி ஒட்டி நீட்டிக் கொடுத்தார். ஒரு நாள் ஸ்டூடியோவில் 7 அங்குல வெற்று இசைத்தட்டு தீர்ந்துபோய், 10 அங்குலத் தட்டில் வெட்டவேண்டியதாயிற்று. இடம் தாராளமாகக் கிடைத்ததால் தட்டின் பள்ளக் கோடுகளை அகலமாக விட்டு வெட்டினார்கள். சத்தம் கூடியது, அடிநாதம் ஆழமானது. அடுத்த படி, ஒரே பாட்டுக்கென்று வந்த 12 அங்குலத் தட்டு, அதாவது 12 அங்குல சிங்கிள். இன்றைய ரீமிக்ஸ் கலாசாரமே அந்தக் கையிருப்புத் தட்டுப்பாட்டுக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது.

இப்போது இரண்டாவது வாசல். 1977 ஏப்ரல் 26, மேற்கு 54ஆம் தெரு, ஸ்டூடியோ 54. முன்பு ஓபரா அரங்காகவும், பிறகு சிபிஎஸ் தொலைக்காட்சியின் படப்பிடிப்புக் கூடமாகவும் இருந்த கட்டடம். உரிமையாளர்கள் ஸ்டீவ் ருபெல், இயன் ஷ்ரேகர். ருபெல் தானே வாசலில் நின்று, கயிற்றுக்கு வெளியே நெரியும் கூட்டத்தில் விரல் நீட்டி ஆள் பொறுக்குவார். இன்று ‘டிஸ்கோ கிளாமர்’ என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தின் புகைப்படங்களிலிருந்து எடுத்தவை: ஆடை வடிவமைப்பாளர் ஹால்ஸ்டன் தைத்த வழுவழுப்பான கவுன்கள், வெள்ளைக் குதிரை மேல் பியாங்கா ஜாகர். மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை. வரி ஏய்ப்பு வழக்கில் இருவரும் 1980இல் சிறைக்குப் போனார்கள்.

1977 டிசம்பர் 31 இரவு அந்தக் கயிற்றுக்கு வெளியே இருவர் நின்றார்கள். கிதார் கலைஞர் நைல் ராட்ஜர்ஸ், பேஸ் வாசித்த பெர்னார்ட் எட்வர்ட்ஸ், அதாவது சிக் குழு. பாடகி கிரேஸ் ஜோன்ஸ் அழைத்துத்தான் வந்திருந்தார்கள். வாசல்காரர் கதவைச் சாத்திவிட்டார். இவர்கள் பாட்டுக்குத்தான் உள்ளே ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பது வேடிக்கை. வீட்டுக்குப் போய்க் கோபத்தில் வாசித்துக்கொண்டே வாசல்காரரைத் திட்டினார்கள். அந்த வசவைக் கொஞ்சம் நாகரிகப்படுத்தியதும் ‘லெ ஃப்ரீக்’ பிறந்தது. 1978இல் அமெரிக்காவின் முதலிடப் பாட்டு.

மூன்றாவது வாசல் சிகாகோவில், 1979 ஜூலை 12, கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஒரு டிஸ்கோ தட்டும் 98 சென்ட்டும் கொண்டுவந்தால் அனுமதி. டிஸ்கோவை வெறுத்த வானொலித் தொகுப்பாளர் ஸ்டீவ் டால் நடு மைதானத்தில் அந்தத் தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார். ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். அன்று நடக்கவிருந்த இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. டால் இதில் நிறவெறி இல்லை என்று மறுத்தே வந்திருக்கிறார். ஆனால் அன்று இருக்கை காட்டும் வேலை பார்த்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பையன் வேறு ஒன்றைக் கவனித்தான். வந்த தட்டுகளில் டிஸ்கோவே இல்லாத கறுப்பர் இசையும் கிடந்தது. நான் பையனைத்தான் நம்புகிறேன். அவன் அப்போது சிந்தசைசர் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். 1984இல், டிஸ்கோவிலிருந்து கிளைத்த மின்னணு நடன இசையான ஹவுஸின் முதல் தட்டு என்று பலரும் சொல்லும் ‘ஆன் அண்ட் ஆன்’ உருவானதில் அவனுக்குப் பங்குண்டு. அதே சிகாகோவில் டிஜே ஃப்ராங்கி நக்கிள்ஸ் வேர்ஹவுஸ் கிளப்பில் டிஸ்கோத் தட்டுகளை விடாமல் சுழற்றிக்கொண்டிருந்தார். ‘ஹவுஸ்’ என்ற பெயர் அந்த கிளப்பிலிருந்து வந்ததுதான். அதனால்தான் சொன்னேன், சாகவில்லை என்று.

நம் பக்கம் பாருங்கள். அங்கே 79இல் வெடி வைத்தார்கள். இந்தியாவில் 80இல்தான் டிஸ்கோ வீடு வீடாக நுழைந்தது. பெங்களூரில் பிறந்த பிட்டு, லண்டன் போய் 1974இல் ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ பாட்டைத் தயாரித்தவர், ‘குர்பானி’ இந்திப் படத்துக்காகப் பாகிஸ்தான் பாடகி நாஸியா ஹசனை ‘ஆப் ஜைசா கோயீ’ பாட வைத்தார். நம் ஊர் மேடைகளில் ‘டிஸ்கோ லைட்’ அதன்பிறகு அணைந்ததே இல்லை.

இந்த நூற்றாண்டில் முதல் பெரிய அலை 2013இல் டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு இசை ஜோடியின் ‘கெட் லக்கி’ பாட்டு. அதில் கேட்கும் கிதார், 1977இல் வெளியே நிறுத்தப்பட்ட அதே நைல் ராட்ஜர்ஸின் கை. பிறகு 2020. புரூக்ளின் அருங்காட்சியகத்தில் ஸ்டூடியோ 54 கண்காட்சி மார்ச்சில் திறந்த வேகத்தில் கொரோனாவால் மூடப்பட்டது. உலகத்தில் எல்லா கிளப் வாசலும் சாத்தியிருந்தபோது பாடகிகள் துவா லிபாவும் கைலி மினோக்கும் டிஸ்கோ ஆல்பம் வெளியிட்டார்கள், கொரியக் குழு பிடிஎஸ் ‘டைனமைட்’ பாட்டைக் கொண்டுவந்தது, ஜனங்கள் சமையலறையில் ஆடினார்கள். கயிறு கட்ட ஆளில்லாத டிஸ்கோ!

2022இல் பாடகி பியான்சேயின் ‘ரெனைசான்ஸ்’ ஆல்பம். எய்ட்ஸ் நோயில் இறந்த, தான் ஜானி மாமா என்று அழைத்த உறவினருக்கு அதைக் காணிக்கையாக்கினார். அடுத்த ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் ரசிகர்களை வெள்ளி நிறத்தில் வரச் சொன்னார்; அரங்கமே கண்ணாடி உருண்டை மாதிரி மின்னியது. லாஃப்ட்டில் ஆடியவர்களின் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டு மின்னுவது எனக்குப் பிடிக்கிறது. ருபெல்லின் கயிற்றை மட்டும் மீட்டுக் கட்டி, அதற்கு ‘ரெட்ரோ நைட்’ என்று பெயர் வைத்து ஆள் பொறுக்குவது பிடிக்கவில்லை. இரண்டிலும் ஜிகினா ஒன்றுதான்.

கேள்விகளுக்கு முன்னால், ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெலாட்டேயும் 1977இல் பாடகி டோனா சம்மருக்காகத் தயாரித்த ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டை, 12 அங்குலத் தட்டின் நீண்ட வடிவில் போடச் சொல்லியிருக்கிறேன். எட்டு நிமிடம். பின்வரிசையில் இருப்பவர்கள் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிக்கொள்ளலாம்.