இழையை எண்ணும் விரல்கள்

அனைவருக்கும் வணக்கம்.

நீலகிரியில் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான ஒரு மந்தில், வீட்டு வாசலில் உட்கார்ந்து பூவேலை செய்யும் பெண்ணை நீங்கள் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். துணியில் பென்சில் கோடு கிடையாது. துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டமும் மாட்டுவதில்லை. முரட்டு வெள்ளைத் துணியின் குறுக்கிழையையும் நெடுக்கிழையையும் விரல் நுனியால் எண்ணி எண்ணி, சிவப்பு நூலையும் கறுப்பு நூலையும் ஏற்றுகிறார். ஓர் இழை தப்பினால் வரிசை முழுவதும் கோணிவிடும். பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். இன்னொன்று: நாம் பின்பக்கம் என்று நினைக்கும் சொரசொரப்பான பக்கத்தைத்தான் அவர்கள் வெளியே தெரியும்படி போர்த்துவார்கள்.

பூத்துக்குளி என்னும் அந்தப் போர்வை அவர்களுக்குத் திருநாளுக்கும் வேண்டும், இறந்தவரைப் போர்த்தவும் வேண்டும். ஏறத்தாழ 2000 பேரே உள்ள சமூகம் அது. அந்தப் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம். ஆனால் குறியீடு காப்பது பெயரைத்தான். ஒரு போர்வைக்கு எத்தனை நாள் கூலி, விலை சொல்வது யார், கைப்பையிலும் அதே வடிவத்தைத் தைக்கலாமா என்பதையெல்லாம் அது தீர்மானிக்காது. தைக்கிறவர்களே தீர்மானிக்க வேண்டும் என்கிறேன். கைப்பையில் தைத்தால் பண்பாடு கெட்டுவிடும் என்று நகரத்திலிருந்து போய்ச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. சீக்கிரம் முடியும், வடிவத்தைச் சுருக்குங்கள் என்று சொல்லவும் உரிமை இல்லை.

மரபு என்றாலே எல்லாவற்றையும் அப்படியே வைத்திருப்பது என்று சிலர் எண்ணுகிறார்கள். சில மலைக்குடிகளில் மாதவிலக்கு நாட்களில் பெண்கள் தனிக்குடிசையில் தங்கும் வழக்கம் உண்டு. அது தொடர வேண்டுமா என்று பாட்டியும் பேத்தியும் பேசி முடிவெடுக்கட்டும். அந்தப் பேச்சுக்கு நாம் நடுவர் இல்லை. குளிருக்கும் மழைக்கும் பாதுகாப்பான இடம் கேட்டால் கட்டிக் கொடுக்கலாம்.

சரி, முடிவெடுக்கும் இடம் எங்கே இருக்கிறது? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, மணமானவர்களுக்குத் தரும் நிலப் பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் கூடும் கிராம சபைக்குப் பாதிப் பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்று 2012இல் விதியைத் திருத்தினார்கள். எழுத்தில் இவ்வளவு இருந்தும், காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? பெண்கள் அந்நேரம் தேயிலைத் தோட்டத்திலோ காட்டிலோ இருப்பார்கள். மாலையில் வையுங்கள். அவர்கள் மொழியில் பேசுங்கள். இதற்குப் பெரிய நிதி ஒன்றும் தேவையில்லை.

அப்புறம் பள்ளிக்கூடம். என்னை அதிகம் வருத்துவது இதுதான். படிப்புக்காக விடுதிக்குப் போகும் சிறுமி விடுமுறைக்குத்தான் ஊர் திரும்புகிறாள். அம்மா அருகில் உட்கார்ந்து இழை எண்ணப் பழகும் வயது அதற்குள் கடந்துவிடுகிறது. அவள் படிக்கத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஓவியத்துக்கும் உடற்பயிற்சிக்கும் ஆசிரியர் வைக்கிற நாம், வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பாட்டியையும் வகுப்புக்கு அழைக்கலாம் அல்லவா? விருந்தினராக இல்லை, ஆசிரியராக. வருகைப் பதிவேட்டில் அவர் பெயரும் இருக்கட்டும், மாதச் சம்பளமும் அவர் கணக்குக்கே போகட்டும்.

நன்றி.