சந்தா குறைவு என்று மகிழ்வதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் வீடு தேடும் நம்மவர்கள் முதலில் பார்ப்பது பள்ளிக்கூடம். அடுத்து, வேலைக்குப் போய்வரும் தூரம். வீட்டு விளம்பரத்தின் அடியில் "எச்.ஓ.ஏ. மாதம் 180 டாலர்" என்று ஒரு வரி இருக்கும். அதைக் கடன் தவணையோடு கூட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

எச்.ஓ.ஏ. என்றால் வீட்டு உரிமையாளர் சங்கம். அந்த மாதத் தொகை அதன் சந்தா. நம் ஊர் குடியிருப்போர் நலச் சங்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்ள முடியாது. வீட்டுப் பத்திரம் உங்கள் பேருக்கு மாறிய நொடியில் நீங்கள் உறுப்பினர். வீட்டை விற்கும்வரை விலக முடியாது. சி.சி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் விதிமுறைப் பத்திரம் கவுன்டி அலுவலகத்தில் அந்த நிலத்தின் மீதே பதிவாகியிருக்கிறது. ஆள் மாறினாலும் அது நிலத்தோடு தொடரும். இந்த நாட்டில் இப்படிப்பட்ட சங்கங்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. ஏழு கோடிக்கும் அதிகமானவர்கள் அவற்றுக்குள் குடியிருக்கிறார்கள்.

புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் சங்கம் இல்லாத வீடு கிடைப்பதே ஏன் அரிதாகிவிட்டது? மனை பிரிக்க அனுமதி கொடுக்கும்போது, உள்சாலை, பூங்கா, மழைநீர் தேங்கும் குட்டை இவற்றின் பராமரிப்பை ஏற்க உள்ளாட்சி பல இடங்களில் முன்வருவதில்லை. கட்டுநரும் கட்டி முடித்ததும் போய்விடுவார். அந்தக் குட்டையைத் தூர்வார யாராவது வேண்டும் அல்லவா? அந்த "யாராவது" தான் சங்கம். ஆகவே சொத்து வரியும் கட்டி, வேறிடங்களில் நகராட்சி செய்யும் வேலைக்குச் சந்தாவும் கட்டுகிறோம் என்று ஆதங்கப்படுகிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

நன்மைகளை மறைக்க வேண்டியதில்லை. தனியாகக் கட்டிக் காப்பாற்ற முடியாத நீச்சல் குளமும் பிள்ளைகள் விளையாடும் இடமும் பொதுவில் கிடைக்கின்றன. பனி பெய்யும் மாநிலங்களில் டவுன்ஹோம் எனப்படும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளின் வாசலில் பனியை அள்ளுவது, கூரை மாற்றுவது, வெளிச்சுவருக்கு வண்ணம் அடிப்பது எல்லாம் பல இடங்களில் சங்கத்தின் வேலை. பக்கத்து வீட்டு முற்றத்தில் ஓடாத கார் ஆறு மாதமாகத் துருப்பிடித்து நின்றால் நீங்கள் போய் மல்லுக்கு நிற்க வேண்டாம். சங்கம் கடிதம் அனுப்பும். முதுமையில் தனியாக இருப்பவர்களுக்கும், வேலை நிமித்தம் அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கும் இது பெரிய நிம்மதி.

தீமை என்றதும் புல் உயரம், கதவு நிறம், குப்பைத் தொட்டி பற்றிய கெடுபிடிதான் எல்லோர் வாயிலும் வரும். அது எரிச்சல்தான். ஆனால் குடும்பத்தின் சேமிப்பைக் கரைப்பது வேறொன்று. அதுதான் சங்கத்தின் ரிசர்வ் கணக்கு.

சந்தாப் பணம் இரண்டாகப் பிரியும். ஒரு பகுதி தோட்டக்காரர், மின்சாரம், காப்பீடு, நிர்வாக நிறுவனத்தின் கட்டணம் என்று அன்றாடச் செலவுக்குப் போகும். இன்னொரு பகுதி கூரை, சாலை, குளம், லிஃப்ட் போன்றவற்றை ஒருநாள் மாற்றுவதற்காகச் சேர வேண்டும். எது எத்தனை ஆண்டு உழைக்கும், மாற்ற எவ்வளவு ஆகும், இன்று கையிருப்பு எவ்வளவு என்று நிபுணர் ஒருவர் கணக்கெடுத்துத் தரும் அறிக்கைக்கு ரிசர்வ் ஸ்டடி என்று பெயர். கலிஃபோர்னியாவில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் பார்த்து இதைச் செய்ய வேண்டும் என்பது சட்டம்.

கணக்கைக் கையில் எடுத்துப் பார்ப்போம். 60 வீடுகள், பொதுக் கூரை. மாற்ற 3,00,000 டாலர் ஆகும். ஆயுள் 25 ஆண்டு. இப்போது 15 ஆண்டு ஓடிவிட்டது. 25-இல் 15 பங்கு தேய்ந்துவிட்டதால் கணக்கில் 1,80,000 டாலர் இருந்திருக்க வேண்டும். இருப்பதோ 45,000. அதாவது இருக்க வேண்டியதில் 25 சதவீதம். இந்தத் துறையில் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆரோக்கியம் என்பார்கள். 30-க்குக் கீழே போனால் ஆபத்து. மீதி 2,55,000 டாலரை இன்றிலிருந்தே சேர்த்தால், வீட்டுக்கு மாதம் சுமார் 35 டாலர்தான் கூடுதல். தள்ளிப் போட்டுக்கொண்டே போனால் பத்தாவது ஆண்டில் வீட்டுக்கு 4,250 டாலர் ஒரே தடவையில் கேட்டு நோட்டீஸ் வரும். அதுதான் ஸ்பெஷல் அசெஸ்மென்ட். இடைப்பட்ட பத்தாண்டில் கூரை விலை ஏறுவதை நான் இதில் சேர்க்கவே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன்: பக்கத்துக் குடியிருப்பில் 300, இங்கே 150 தானா என்று மகிழாதீர்கள். மீதி 150 எங்கே போனது என்று கேளுங்கள். சிக்கனமான நிர்வாகமாகவும் இருக்கலாம். வரப்போகிறவர் தலையில் கடனை ஏற்றி வைத்திருக்கும் நிர்வாகமாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடு நகரில் இடிந்த சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் சாட்சி. 1981-இல் கட்டிய 136 வீடுகள் கொண்ட காண்டோ, அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமையாளர் உள்ள அடுக்குமாடிக் கட்டிடம் அது. குளத்தைச் சுற்றிய தளம் நீர் வடியச் சரிவில்லாமல் தட்டையாகக் கட்டப்பட்டிருந்தது; நீர்த்தடுப்பு கெட்டு, கீழே கான்கிரீட் பெரும் சேதம் கண்டிருக்கிறது என்று 2018-இலேயே பொறியாளர் எழுதிக் கொடுத்தார். ரிசர்வில் போதிய பணம் இல்லை. வீட்டுக்கு வீடு சச்சரவு. கடைசியில் சுமார் ஒன்றரைக் கோடி டாலர் வசூலிக்க முடிவாகி, சிறிய வீட்டுக்கே 80,000 டாலருக்கு மேல் கேட்டு 2021 ஏப்ரலில் கடிதம் போனது. அந்த ஜூன் 24 பின்னிரவில் கட்டிடம் சரிந்து 98 பேர் இறந்தார்கள். பணத் தட்டுப்பாடு மட்டுமே காரணம் என்று சொல்வது சரியாகாது. குளத்தளத்தின் வடிவமைப்பே அந்தக் காலத்துக் கட்டிட விதிகளை எட்டவில்லை என்று கூட்டாட்சி ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனாலும் பழுதைக் கண்டபின் மூன்று ஆண்டு கழிந்ததை மறக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டே ஃப்ளோரிடா சட்டம் கொண்டுவந்தது. மூன்று தளமோ அதற்கு மேலோ உள்ள பழைய காண்டோக்களுக்குக் கட்டாயக் கட்டிட ஆய்வு வந்தது. முக்கியப் பாகங்களுக்கான சேமிப்பை ஓட்டுப் போட்டு ஒத்திவைக்கும் பழைய வழக்கத்துக்கும் கடிவாளம் விழுந்தது. அதன் விளைவாகப் பல பழைய கட்டிடங்களில் சந்தா எகிறியது. வலிக்கிறதுதான். ஆனால் அது புதிய கடன் அல்ல, பழைய பாக்கி.

புதுக் குடியிருப்பில் இன்னொரு கண்ணி இருக்கிறது. வீடுகள் பெரும்பாலும் விற்கும்வரை, சங்கத்தை நடத்தும் குழுவான போர்டு கட்டுநர் கையில்தான். வீடு சீக்கிரம் விற்க வேண்டும் என்பதால் சந்தாவைக் குறைத்துக் காட்டிப் பற்றாக்குறையைத் தாமே ஈடுகட்டுவார். சங்கம் உறுப்பினர் கைக்கு மாறியதும் அந்தத் தாங்கல் நின்றுவிடும். முதல் இரண்டு ஆண்டில் சந்தா திடீரென ஏறுவதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம். பொறுப்பு மாறும் சமயத்தில் பொறியாளர் ஒருவரை வைத்துப் பொதுச் சொத்தை ஆய்வு செய்யச் சொல்லிப் போர்டை வற்புறுத்துங்கள். கட்டுமானக் குறைக்குக் கட்டுநரைக் கேட்கக் காலக்கெடு உண்டு; அது தாண்டினால் செலவு உங்களுடையது.

இனி விதி மீறல் கடிதம். வந்ததும் கோபத்தில் மின்னஞ்சல் அடிக்காதீர்கள். கடிதத்தில் நான்கு விஷயம் இருக்கிறதா பாருங்கள்: எந்த விதி எண், மீறல் என்ன, சரிசெய்ய எத்தனை நாள், போர்டு முன் வாதிட வாய்ப்பு உண்டா. பெரும்பாலான மாநிலங்களில் நோட்டீசும் விசாரணைக்கு வாய்ப்பும் தராமல் அபராதம் போட முடியாது. ஃப்ளோரிடாவில் போர்டுக்குத் தொடர்பில்லாத உறுப்பினர் குழு ஒப்புக்கொண்டால்தான் அபராதம் செல்லும். கொலராடோவில் 2022-க்குப் பிறகு, உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்தில்லாத மீறலுக்கு 500 டாலருக்கு மேல் வாங்க முடியாது. சரிசெய்துவிட்டால் தேதி தெரியும்படி படம் எடுத்து எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியது பேசாததற்குச் சமம்.

வேலி, வெளிவண்ணம், தாழ்வாரம், மரம் வெட்டுவது எதுவானாலும் முதலில் கட்டடக்கலைக் குழுவின் அனுமதி. நகராட்சி பர்மிட் வேறு, இது வேறு, இரண்டும் வேண்டும். விண்ணப்பத்தோடு மனைப் படம், அளவு, பொருள், வண்ண எண் எல்லாம் இணையுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் "முழுமையில்லை" என்று திரும்பி வரும்; நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுப்பது எழுத்தில் அனுமதி வந்த பிறகுதான்.

சங்க விதிக்கு மேலே சட்டம் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மீட்டர் குறுக்களவுக்கு உட்பட்ட டிஷ் ஆன்டெனாவை உங்கள் தனிப் பயன்பாட்டு இடத்தில் வைப்பதை கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1996-இல் கொண்டுவந்த விதி காக்கிறது. ஊனமுற்றவருக்கு வேண்டிய சாய்தளத்தையோ உதவி நாயையோ நியாயமான காரணமின்றி மறுத்தால் அது நியாய வீட்டுவசதிச் சட்ட மீறல். கலிஃபோர்னியா, டெக்சஸ், ஃப்ளோரிடா உட்படப் பல மாநிலங்களில் சோலார் தகட்டை அடியோடு தடுக்க முடியாது. வாசலில் தோரணமோ சாமி படமோ வைப்பதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: டெக்சஸில் 2021-இல் வந்த திருத்தம், சமய நம்பிக்கையால் வீட்டில் வைக்கும் பொருளுக்கு விரிவான பாதுகாப்பு தருகிறது, மற்ற மாநிலங்களில் தனியே பார்க்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சங்கத்தோடு எவ்வளவு பிணக்கு இருந்தாலும் சந்தாவை நிறுத்தாதீர்கள். குளம் மூடிக் கிடக்கிறது, அதனால் கட்டமாட்டேன் என்ற வாதம் நீதிமன்றத்தில் பொதுவாக நிற்பதில்லை. பாக்கியின் மேல் தாமதக் கட்டணம், வட்டி, வக்கீல் கட்டணம் என்று ஏறி, வீட்டின் மேல் லீன், அதாவது கடனுக்கான சட்டப் பிடிமானம், விழும். பல மாநிலங்களில் ஏலம்வரை போகலாம். நெவாடாவில் ஒன்பது மாதச் சந்தாப் பாக்கி வங்கியின் முதல் கடனுக்கும் முந்திக்கொள்ளும். கட்ட முடியாத நிலை என்றால் எழுத்தில் தவணை கேளுங்கள். சச்சரவை நடத்திக்கொண்டே கட்டுங்கள்.

காண்டோ வாங்குகிறவர்களுக்குக் காப்பீட்டில் ஒரு சங்கதி. கட்டிடம் முழுவதுக்கும் சங்கம் எடுத்திருக்கும் மாஸ்டர் பாலிசி சுவர்வரைதானா, உள் அலமாரி, தரைவரையா என்று கேட்டுவிட்டு அதற்கு ஏற்ப உங்கள் வீட்டுக்கான எச்.ஓ.6 பாலிசி எடுங்கள். அதில் லாஸ் அசெஸ்மென்ட் என்ற பகுதி, சங்கம் உங்களிடம் கேட்கும் பங்குக்கானது, வழக்கமாக 1,000 டாலர்தான் இருக்கும். கொஞ்சம் கூடுதல் பிரீமியத்தில் உயர்த்தலாம். ஆனால் தீ, புயல் போன்ற விபத்துச் செலவைப் பங்கிடும்போதுதான் அது கைகொடுக்கும். கூரை பழசாகிப் போனதற்கு வரும் வசூலுக்கு ஒரு காசும் தராது.

ஒப்பந்தம் முடிவாகும் முன் விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டியவை: சி.சி.ஆர்., துணைவிதிகள், நடப்பு பட்ஜெட், கடைசி ரிசர்வ் ஸ்டடி, கடைசி 12 மாதப் போர்டுக் கூட்டக் குறிப்புகள், நிலுவை வழக்குகளின் விவரம், காப்பீட்டுச் சான்று. நேரம் குறைவு என்றால் கூட்டக் குறிப்பை முதலில் படியுங்கள். "கூரை ஒழுகல் மறுபடி", "ஒப்பந்தப்புள்ளி ஒத்திவைப்பு", "வக்கீல் ஆலோசனை" என்று மாதா மாதம் வந்தால் அங்கே ஒரு செலவு காத்திருக்கிறது. பட்ஜெட்டில் பாக்கிதாரர் எத்தனை பேர் என்றும் பாருங்கள். காண்டோவில் 15 சதவீதத்துக்கு மேற்பட்ட வீடுகள் 60 நாள் பாக்கியில் இருந்தால், வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே நிறுவனம் அங்கே கொடுத்த கடனை வாங்காது. உங்களுக்குக் கடன் கிடைப்பது சிரமம். நாளைக்கு உங்களிடம் வாங்க வருகிறவருக்கும் அதே சிரமம். வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் வாடகை வரம்பு இருக்கிறதா, காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம் என்று கேட்டுவிடுங்கள்.

குடிபோன பிறகு ஆண்டுக் கூட்ட அழைப்பு வரும். போக முடியாவிட்டால், உங்கள் சார்பில் இன்னொருவர் ஓட்டுப் போட அனுமதிக்கும் பிராக்ஸி படிவத்தையாவது கையெழுத்திட்டு அனுப்புங்கள். குறைந்தபட்ச வருகை எட்டாவிட்டால் பல சங்கங்களில் தேர்தல் நடக்காது. இருக்கிற போர்டே தொடரும். கலிஃபோர்னியாவில் சந்தாவை ஒரே ஆண்டில் 20 சதவீதத்துக்கு மேல் உயர்த்த உறுப்பினர் ஓட்டு வேண்டும், அவசரச் செலவு தவிர. அந்த ஓட்டுச் சீட்டு குப்பை அஞ்சலோடு சேர்ந்துதான் வரும். பிரித்துப் பாருங்கள்.

நன்றி. வணக்கம்.