மசினகுடியில் பாறு தேடி ஒரு காலை

வணக்கம் மக்களே. ஊட்டியில் பஸ் ஏறி, கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி மசினகுடிக்கு வந்துவிட்டேன். மேலே ஸ்வெட்டர் தேவைப்பட்டது, இங்கே வேர்த்துக் கொட்டுகிறது. தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்வதால் இந்தச் சீகூர் பக்கம் முழுக்க முள்காடும் காய்ந்த புல்லும்தான். யானை, புலிக்கு வேறு வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. நான் வந்தது பாறு கழுகைக் காட்ட, அதாவது செத்த விலங்குகளைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகை.

மணி பத்தரை. வெயில் ஏறிக் காற்று சூடானால்தான் இவை மேலே எழும்பும். அதோ, அந்த மலை விளிம்புக்கு மேலே பாருங்கள், ஜூம் செய்கிறேன். இறக்கையை அடிக்கவே இல்லை. ஆ, திரும்புகிறது! முதுகில் அந்த வெள்ளைத் திட்டு தெரிகிறதா? வெண்முதுகுப் பாறு. நான்கு இருக்கின்றன.

மோயாற்றங்கரை நீர்மருது மரங்களில்தான் இவை கூடு கட்டும். எச்சம் வழிந்து கிளையெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும் என்று இங்கே வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கும் அண்ணன் சொன்னார். ஒரு ஜோடிக்கு வருடத்துக்கு ஒரே முட்டை.

நாடு முழுக்க இருந்த பறவை இது. 90-களில் சரியத் தொடங்கி, பதினைந்து ஆண்டுகளில் நூற்றுக்கு 99-க்கும் மேல் போய்விட்டது. காரணம் டைக்ளோஃபினாக், மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட ஊசி. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் குடல், ஈரல் மேலெல்லாம் வெள்ளையாகப் படிந்து செத்துப்போகும். 2006-ல் கால்நடைக்குத் தடை வந்தது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். மனிதர்களுக்கான அந்த டைக்ளோஃபினாக் ஊசி மருந்தை ஒரு பாட்டிலில் 3 மில்லிக்கு மேல் அடைக்கக் கூடாது என்று 2015-ல்தான் உத்தரவு வந்தது. அப்புறம் 2023-ல், இதே மாதிரி பாறைக் கொல்லும் வலி மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் கால்நடைக்குத் தடை செய்தார்கள்.

இந்தப் பாட்டிலைப் பாருங்கள், சித்தி வீட்டு மாட்டுப்பட்டியிலிருந்து எடுத்து வந்தேன். மெலாக்சிகாம், இதுவும் வலி மருந்துதான். மாட்டுக்கும் கேட்கும், பாறுக்கும் ஒன்றும் செய்யாது. போன வருடம் பசு மடி வீங்கி நின்றபோது ஒரு கடையில் கீட்டோபுரோஃபென்னை எடுத்துக் கொடுத்தார்கள். சித்தி பெயரைப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாடு வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது அது ஒன்றுதான், பெயரைப் படியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புலி மாட்டை அடித்துவிட்டால், ஆத்திரத்தில் மீதி உடம்பில் விஷம் வைத்துவிடுகிறார்கள். மாட்டை இழந்தவரின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது, நாங்களும் மாடு வளர்ப்பவர்கள்தான். இழப்பீடு தாமதமில்லாமல் கைக்கு வர வேண்டும், அது நியாயம். ஆனால் அந்த விஷம் புலியோடு நிற்காது. பாறு கூட்டமாக இறங்கித் தின்னும் பறவை. ஒரே மாட்டால் ஒரு கூட்டமே போய்விடும். வருடத்துக்கு ஒரு குஞ்சு என்றால் அந்தக் கூட்டம் திரும்ப எத்தனை வருடம் ஆகும்?

சரி, கொஞ்சம் பேசாமல் இருக்கிறேன். ஐந்தாவது ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. பாருங்கள்.