பட்டம் பறக்கக் காற்று வேண்டும்

நடுவர் அவர்களே, வளரும் நாட்டை உயர்த்துவது கல்வியா, தொழிற்சாலையா என்று கேட்டிருக்கிறீர்கள். எதிரணித் தலைவி, "தென் கொரியாவைப் பாருங்கள், படித்தே முன்னேறியது" என்றார். அவர் பேராசிரியர், சம்பளம் வருகிற பக்கம்தானே பேச முடியும்! நானும் அதே கொரியாவுக்குத்தான் போகிறேன்.

1950களின் முடிவிலேயே அங்கே குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் ஆரம்பப் பள்ளியில் இருந்தார்கள். அம்மா கேட்ட கல்வி வந்துவிட்டது. சோறு வந்ததா? 1963இல் மேற்கு ஜெர்மனிக்கு நிலக்கரி வெட்ட ஆள் எடுத்தார்கள். போட்டி போட்டவர்களில் கல்லூரி படித்தவர்களும் இருந்தார்கள். பட்டம் கையில் இருந்தது ஐயா, பறக்கவிட ஊரில் காற்றுதான் இல்லை!

காற்று எங்கிருந்து வந்தது? சிரிக்காதீர்கள், தலைமுடியிலிருந்து. வியாபாரிகள் ஊர் ஊராகப் போய்ப் பெண்களின் கூந்தலை விலைக்கு வாங்கினார்கள். ஆலைகளில் இளம்பெண்கள் குனிந்த தலை நிமிராமல் இழை இழையாகக் கோத்து 'விக்' செய்தார்கள். அது அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. முடி போனால் உயிரை விடுமாம் கவரிமான். முடியை விற்று உயிர் பிழைத்தது கொரியா! அந்த அக்காக்களின் கூலியில்தான் எத்தனையோ தம்பிகள் பள்ளிக்கூடம் போனார்கள். நேரம் காலம் பார்க்காத வேலை, அற்பக் கூலி. அந்தக் கொடுமையை நான் மறைக்கவில்லை.

அடுத்து போஹாங் எஃகு ஆலை. சரிப்பட்டு வராது என்று உலக வங்கி கைவிரித்தது. 1973இல் அங்கே இரும்பு உருகி ஓடியது. அதே நிறுவனம் 1986இல் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. எது முன்னே, எது பின்னே? தேதியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

நம் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறதே ஹூண்டாய், அந்தக் குழுமத்தைத் தொடங்கிய சுங் சூ யுங் ஆரம்பப் பள்ளியோடு நின்றவர். "அவரிடம் படித்த பொறியாளர்கள் இருந்தார்களே" என்பீர்கள். இருந்தார்கள் அம்மா. அவர் தொழில் தொடங்காமல் இருந்திருந்தால் அவர்களும் ஜெர்மனிக்குத்தான் மூட்டை கட்டியிருப்பார்கள்.

மணி அடிக்கிறீர்கள், ஒரு நிமிடம். 1977இல் ஆலைத் தொழிலாளர்களுக்கென்றே தனி வகுப்புகள் வந்தன. பகலெல்லாம் தையல் இயந்திரம், இரவில் கரும்பலகை. தம்பியின் கட்டணத்தைக் கட்டி முடித்த அக்கா, அன்றுதான் தன் புத்தகத்தைத் திறந்தாள்.