பார்சல் சோறும் பன்னிரண்டு ரேடியோவும்

நடுவர் ஐயாவுக்கும், கோயில் கமிட்டிக்கும், இந்தப் பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற உங்கள் எல்லாருக்கும் வணக்கம். வாழ்த்துப்பாவை எங்கள் அணித்தலைவர் பாடிவிட்டார். நான் நேரே சண்டைக்குப் போகிறேன்.

'சாஸ்திரிய சங்கீத ரசனைக்கு இன்றைய கருவிகள் உரமா, களையா?' இதுதான் தலைப்பு. கருவி என்றால் வாத்தியம் இல்லை; மைக், ரேடியோ, போன், இயர்போன். நாங்கள் உரம். களைக் கட்சியில் பேசிய சங்கீத டீச்சர் போகிற போக்கில் ஒரு வெடியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "இயர்போனில் கீர்த்தனை கேட்கிறவன், கல்யாண வீட்டுப் பந்திக்குப் போகாமல் பார்சல் சோறு வாங்கித் தின்கிறவன்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். முன்வரிசையில் என் சொந்த மாமியே தட்டினார். அதை ராத்திரி வீட்டில் பேசிக்கொள்கிறேன்.

பார்சல் என்றால் அவ்வளவு இளக்காரமா டீச்சர்? இலங்கை மலைநாட்டுத் தேயிலை ஊரான இந்த ஹட்டனில் நின்றுகொண்டு பார்சலைப் பழிக்கலாமா? விடியக்காலை மலைக்கு ஏறுகிற அம்மாமார் கூடைக்குள் என்ன வைத்துக்கொண்டு போகிறார்கள்? ரொட்டியும் சம்பலும், பார்சல். கொழும்புக் கடைகளில் நிற்கிற எங்கள் பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு என்ன? பார்சல். நாம் பறித்த கொழுந்தில் நல்லதெல்லாம் எங்கே? பார்சலாகிக் கப்பலேறிப் போச்சு, தூசு மட்டும் நமக்கு. அட, எங்கள் பாட்டன் பூட்டனையே பார்சல் பண்ணித்தானே கொண்டுவந்தார்கள்! மன்னார்ப் பக்கம் இறக்கி, மாத்தளை வரைக்கும் காட்டுவழியே நடக்கவிட்ட பார்சல். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் போட்டு, இந்தப் பார்சலில் விலாசம் இல்லை என்றார்கள். 1964இல் இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டு, இத்தனை பார்சல் உனக்கு, இத்தனை எனக்கு என்று எண்ணினார்கள். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். டீச்சர், சாஸ்திரியம் சாஸ்திரியம் என்கிறீர்களே, எங்கள் ஆட்களுக்கு முதன்முதலில் தெரிந்த சாஸ்திரி அவர்தான்!

(தட்டுங்கள், மாமி. இதற்கும் தட்டுங்கள்.)

பந்திக்கு வா என்கிறீர்கள். பந்தி எங்கே நடக்கிறது? மார்கழிக் கச்சேரி சீசனில், சென்னையில். தோட்டத்தில் பேர் போட்டு நாட்கூலி வாங்குகிற மனிசன் மயிலாப்பூருக்குப் போய் முதல் வரிசையில் உட்கார முடியுமா? அதுவும் போகட்டும். கருவி களை என்று டீச்சர் எதில் சொன்னார்? மைக்கில். அவருடைய வகுப்பில் பாட்டுக்குப் பின்னால் சுருதிக்குத் தம்பூரா மீட்டுவது யார்? யாருமில்லை, மேசைமேல் கிடக்கிற போன். நான் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். அந்தத் தம்பூராவைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

கருவி சங்கீதத்தைக் குறுக்கிவிட்டது என்றும் ஒரு குற்றச்சாட்டு. குறுக்கியது பழைய இசைத்தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுகிற தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் நாலைந்து. ஆலாபனை தொடங்கி மூச்சு விடுவதற்குள் ஊசி நடுவுக்கு வந்துவிடும். இன்றைக்கு மூன்று மணித்தியாலக் கச்சேரி முழுசாகச் சட்டைப் பைக்குள் கிடக்கிறது. சரி, விடுவோம். கணக்குச் சொல்லவா நீங்கள் இந்தக் குளிரில் வந்தீர்கள்?

எங்கள் லயத்துக் கதை சொல்கிறேன். தாள லயம் இல்லை, தோட்டத்து வரிசை வீடு. பன்னிரண்டு காம்பரா, ஒரே ரேடியோ. அது எங்கள் அப்பாவுடையது. ஸ்டோரில், அதுதான் தேயிலை ஆலையில், இரைகிற ரோதை இயந்திரத்தடியில் வேலை பார்த்த மனிசன். படிப்பு மூன்றாம் வகுப்பு, சங்கீதம் யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் ராத்திரியானால் திருச்சி வானொலிக் கச்சேரி கேட்டே ஆக வேண்டும். பகலில் அந்த நிலையம் எங்கள் மலைக்குச் சரியாக எடுக்காது. பொழுது சாய்ந்தால் மத்திய அலை வானத்தில் பட்டுத் தெறித்து, கடல் தாண்டி வந்து விழும். ஆனால் அதைப் பிடிக்கத் தகரக் கூரைமேல் ஒரு ஆள் வேண்டும். ஏரியல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. அந்த ஆள் நான். வயது பத்து.

அப்பா உள்ளே முள்ளைத் திருப்புவார். "எரயுதுடா, கெழக்கால திருப்பு!" அது கடைசிக் காம்பராவிலிருந்து கூரைக்கு நேரே எட்டாது. வாசலில் நிற்கிற சித்தப்பா வாங்கி, அடுத்த வாசல் பெரியம்மாவிடம் கொடுக்க, பெரியம்மா மேலே பார்த்து, "டேய், கெணத்துப் பக்கம் திரும்பச் சொல்றாங்கடா!" நான் கிணற்றைப் பார்த்துத் திரும்புவேன். பாட்டு செத்துப்போகும். "யாருடா கெணத்தச் சொன்னது!" இப்படி ஒரு வர்ணத்துக்கு நாலு சண்டை. கடைசியில், நான் ஒற்றைக் காலில் நின்று வலது கையைத் தூக்கினால்தான் பாடகர் வாயைத் திறப்பார் என்று கண்டுபிடித்தார்கள். தில்லையில் ஆடியவருக்கு அடுத்து அந்தக் கோலத்தில் நின்றது நான்தான்.

இதை நாங்கள் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தோம் ஐயா. பிற்பாடு தெரிகிறது, 1951இலேயே நியூயோர்க்கில் ஜோன் கேஜ் என்ற இசையமைப்பாளர் இதையே கச்சேரியாக வைத்திருக்கிறார்! மேடையில் 12 ரேடியோ. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர், முள்ளைத் திருப்ப ஒருவர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒருவர். மொத்தம் 24 பேர், முன்னால் அவரே நின்று நடத்துகிறார். எந்த நேரத்தில் எந்த எண்ணுக்கு முள் போக வேண்டும் என்று சுரம் எழுதுகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார். நிலையத்தில் வருவதுதான் சங்கீதம்: செய்தியோ, பாட்டோ, வெறும் இரைச்சலோ. அன்றைக்கு அவர்கள் முறை வரும்போது ராத்திரி வெகு நேரமாகி, பல நிலையங்கள் மூடிவிட்டதாம். அவருக்கு 12 ரேடியோ, 24 பேர். எங்களுக்கு ஒரு ரேடியோ, 24 பேர். சிக்கனத்தில் எங்கள் லயம்தான் முந்தி!

இன்னொருக்கா கூரைக்கு ஏறுகிறேன். ஐயா மணியைத் தொடாதீர்கள், இதுதான் நல்ல இடம். ஒரு நாள் தனியாவர்த்தனம் நடக்கிறது, பாட்டை நிறுத்திவிட்டு மிருதங்கம் தனியாக வாசிக்கிற கட்டம். மழை பிடித்துக்கொண்டது. நான் நடராசர் கோலத்தில் நனைகிறேன். கீழே எங்கள் அப்பாயி தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு மிருதங்கக்காரன் வெளுத்துக்கட்டுறான்!" என்கிறது. அப்பா, "ஆத்தா, பெட்டரி செத்து அஞ்சு நிமிசமாச்சு. அது தகரத்துல மழை." அப்பாயி அசரவில்லை. "யாரா இருந்தா என்ன, கணக்கு தப்பலையே!"

சிரிக்கிறீர்கள். ஆனால் அத்தனை வருசமும் அந்தக் கச்சேரியைக் கொண்டுவந்து இறக்கினவன் நான், அதில் ஒன்றையும் ஒழுங்காகக் கேட்காதவனும் நான். கூரைமேல் காற்றுச் சத்தம்தான் கேட்கும்.

ரோதையடியில் முப்பது வருசம். அப்பாவின் காது மெல்ல மெல்ல மந்தமாகிவிட்டது. பேசினால் உதட்டைப் பார்ப்பார். ரேடியோவை அவரே ஒரு துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். நாங்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. போன வருசத்துக்கு முந்தின தீபாவளிக்கு, கொழும்பிலிருந்து வந்த என் மகன் தன்னுடைய இயர்போனைத் தாத்தா காதில் மாட்டிவிட்டான். ஒரு தோடி ராகம். சத்தத்தைக் கூட்டினான்.

அப்பா கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் முகம் சுளித்தார். "பாட்டுக்குப் பின்னால எரயுது. ரேடியோவுல வந்த அதே எரச்சல். இதுலயும் வருதே?" என்றார், கேட்காதவர்கள் பேசுகிற அந்தப் பெரிய குரலில். நான் ஒரு பக்கத்தை வாங்கி என் காதில் வைத்தேன். அப்படியொரு சுத்தமான பதிவு. இரைச்சலே இல்லை. அவர் காதுக்கு வாயைக் கொண்டுபோய்ச் சொன்னேன்: "அப்பா, அது எரச்சல் இல்ல. அதுதான் தம்பூரா. பாட்டு முழுக்க அப்படித்தான் இருக்கும்."

அப்பா வெகு நேரம் பேசவில்லை. பிறகு என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். "அதைப் போக்கத்தானேடா ஒன்னய மழையில நிக்க வச்சேன்" என்றார்.

வணக்கம்.