இருட்டைச் செதுக்கும் கலை

வணக்கம். என் கையில் இருப்பது லினோலியத் துண்டு; தரையில் விரிக்கும் பொருள்தான், இதை உளியால் செதுக்கி அச்சிடுகிறோம். உருளையால் கறுப்பு மை பூசி, இப்படியே தாளில் ஒற்றினால் என்ன வரும்? வெறும் கறுப்பு. உளி போன இடத்தில் மட்டும் மை பிடிக்காது, அங்கேதான் வெள்ளை. தாளில் வரைபவர் வெளிச்சத்தின் மேல் கோடு சேர்க்கிறார். நாங்கள் இருட்டிலிருந்து வெளிச்சத்தைத் தோண்டி எடுக்கிறோம். தோண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

என் அம்மாவின் முகத்தைச் செதுக்கியபோது, கன்னத்துச் சுருக்கத்துக்காக ஒரு கோடு போட்டேன். கை சற்று அழுந்திவிட்டது. கோடு காதுவரை ஓடிவிட்டது. ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதன் பக்கத்திலேயே இன்னும் நான்கு கோடுகள் இழுத்தேன். அம்மா சன்னலோரம் உட்கார்ந்திருப்பவராகிவிட்டார். அந்த வெயிலை நான் திட்டமிடவில்லை, உளி கொடுத்தது.

இதில் சாம்பல் நிறம் கிடையாது. நெருக்கமாகக் கீறினால் தூரத்தில் அப்படித் தோன்றும், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு இடத்திலும் இருட்டா வெளிச்சமா என்று முடிவெடுத்தே ஆகவேண்டும். துயரத்தையும் கோபத்தையும் சொல்ல இந்தக் கலை இவ்வளவு பொருந்துவதற்கு அதுவே காரணம் என்பேன். செலவும் குறைவு: ஒரு பலகை, ஓர் உளி, பல பிரதிகள். 1931இல் ஷாங்ஹாயில் சீன எழுத்தாளர் லூ சுன் இளைஞர்களுக்கு மரச்செதுக்குப் பயிற்சி நடத்தினார்; இதே முறைதான், லினோலியத்துக்குப் பதில் மரப்பலகை. அந்த அலை தென்கிழக்காசியாவுக்கும் வந்தது. 1966இல் சிங்கப்பூரில் ஆறு ஓவியர்கள் சேர்ந்து மரச்செதுக்குக் கண்காட்சியே வைத்தார்கள்.

அந்த அறுவரில் ஒருவர் லிம் இயூ குவான். அவருடைய 'தீக்குப் பின்' என்ற படைப்பும் அதே 1966தான். அது சொல்லும் தீ, 1961 மே 25 அன்று சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீ குடியிருப்பில் பற்றிய தீ. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். இங்கே மூத்தவர்கள் சிலருக்கு அந்தப் புகை நினைவிருக்கும். எரிந்தவை பலகைச் சுவர்களும் அத்தாப்பு எனும் ஓலைக் கூரைகளும். அதைச் சொல்ல அவர் கையிலெடுத்ததும் பலகைதான். கரிக்கட்டையின் கறுப்பை இதைவிட நேராக எந்த வண்ணத்தில் காட்டுவது? தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கும் படம் அது. உங்கள் பேரப்பிள்ளைகளோடு பேச அதில் நிறைய இருக்கிறது.

சரி, மை பூசியாகிவிட்டது. தாளை வைத்து, கரண்டியின் முதுகால் வட்ட வட்டமாகத் தேய்க்கிறேன். முன்வரிசையில் இருக்கும் அம்மா, நீங்கள் வந்து தாளை உரியுங்கள். மெதுவாக, இந்த மூலையிலிருந்து. மை இன்னும் காயவில்லை, ஓரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.